ஏசி நின்ற வீட்டில் பக், பெர்ஷியன் பூனை, பட்ஜி: நாலு நாளை எப்படித் தாண்டுவது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சென்னையில் மூன்றாவது மாடி வீடு, தலைக்கு மேல் மொட்டை மாடி, கத்திரி வெயில், ஏசி நின்றுவிட்டது, உதிரிப்பாகம் வர நாலு நாள் ஆகும் என்கிறார் மெக்கானிக். வீட்டில் ஆறு வயது பக் நாய், ஒரு பெர்ஷியன் பூனை, ஒரு ஜோடி பட்ஜி கிளி, சின்னதாக ஒரு மீன் தொட்டி. ஈரத் துண்டு போர்த்தலாமா, ஐஸ் கொடுக்கலாமா, முடியை வழித்துவிடலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு அடியில் இருப்பது வேறு ஒன்று என்று நினைக்கிறேன். இந்த நாலு நாளை வீட்டிலேயே ஓட்டிவிட முடியுமா, இவற்றில் எதற்கு உண்மையில் உயிராபத்து, எந்தக் கட்டத்தில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், இதுதானே? நான் செல்லப்பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர். ஒவ்வொரு மே மாதமும் இதே நிலைமையில் வருகிறவர்களைப் பார்ப்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் கவலையைச் சரியாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் பக்கின் மீது வையுங்கள், அடுத்தது பூனை. பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிப் பறவை, நிழலும் தண்ணீரும் இருந்தால் நம் வெயிலைத் தாங்கும். மீனுக்கு ஆபத்து ஏசி நின்றதால் வருவதைவிட கரண்ட் போனால் வரும்.

பக் ஏன் தனி ரகம் என்றால், நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அது கணக்கிலேயே வராது. வாயைத் திறந்து இரைத்து, நாக்கு, வாய், மூக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. பக்கிற்கு அந்தக் கருவியே பழுது. மூக்குத் துவாரம் குறுகல், மூக்கின் உட்பரப்பு சுருங்கியது, அண்ணத்தின் பின்பகுதி நீளமாகித் தொண்டையை அடைத்துக்கொண்டிருக்கும். வேகமாக இரைக்க இரைக்கத் தொண்டைச் சதை வீங்கும், வீங்கினால் இன்னும் பலமாக இழுக்க வேண்டும், அந்த உழைப்பே உடம்பில் மேலும் சூட்டை உண்டாக்கும். அதனால்தான் ஒரு லாப்ரடார் சமாளிக்கிற வெப்பத்தில் பக் விழுந்துவிடுகிறது. 2003 வாக்கில் பக் நாயை வைத்து வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்தைப் பார்த்து ஊரே பக் வாங்கியது, இந்த ஊர் வெயிலுக்கு அது ஆகுமா என்று யாரும் யோசிக்கவில்லை. சரி, அந்தப் புலம்பல் இப்போது உங்களுக்கு உதவாது.

இன்னொரு விஷயம். உங்கள் நாய் கோடை முழுக்க 22 டிகிரியில் படுத்திருந்த நாய். வெப்பத்துக்கு உடம்பு பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், அந்தப் பழக்கம் அதற்கு இல்லை. ஏசியே இல்லாத வீட்டில் வளர்ந்த பக்கைவிட ஏசி திடீரென நின்ற வீட்டு பக்கிற்கு முதல் இரண்டு நாள்தான் கஷ்டம் அதிகம். பக்கத்து வீட்டு நாய் ஏசி இல்லாமல்தானே இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. அறையைக் குளிர்விக்கப் பார்க்காதீர்கள், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் அது நடக்காது. நாயைக் குளிர்வியுங்கள். அதற்கு உறுதியாக வேலை செய்யும் வழி ஒன்றுதான்: தோலை நனைத்து, அதன் மேல் காற்றை விடுவது. வெறும் ஃபேன் நமக்குச் சுகம், ஏனென்றால் நம் தோலில் வியர்வை இருக்கிறது. உலர்ந்த நாயின் மேல் ஃபேன் காற்று பட்டுப் பெரிதாகப் பலனில்லை. அறைக் காற்று நாயின் உடம்புச் சூட்டைத் தாண்டிவிட்டால், அதாவது 39 டிகிரிக்கு மேல் போனால், உலர்ந்த நாய்க்கு அந்தக் காற்று சூட்டைத்தான் ஏற்றும். நனைத்துவிட்டுக் காற்று விடும்போது நாயின் தோலே வியர்த்தது போல ஆகிவிடுகிறது. அடிவயிறு, தொடையிடுக்கு, அக்குள், பாதம், காது, இவ்வளவையும் தண்ணீர் தொட்ட கையால் தோல்வரை படும்படி நனையுங்கள். முதுகில் மட்டும் ஊற்றினால் மேல் முடிதான் நனையும். தரையில் டேபிள் ஃபேனை வைத்து நாய் படுக்கும் உயரத்தில் காற்று வரும்படி திருப்பிவிடுங்கள், சீலிங் ஃபேன் மேற்கூரையின் சூட்டையும் சேர்த்து இறக்கும். காய்ந்ததும் மறுபடி நனையுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதில் கவனம் தேவை. மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் மாடி டேங்க்கிலிருந்து கொதிக்கிற மாதிரிதான் தண்ணீர் வரும், அதைப் பிடித்து நாயின் மேல் ஊற்றிவிடாதீர்கள். விடியற்காலையிலேயே இரண்டு மூன்று வாளி பிடித்து பாத்ரூமில் மூடி வையுங்கள். குடிக்க மண்பானைத் தண்ணீர் போதும், நாலைந்து இடத்தில் கிண்ணம் வையுங்கள்.

ஈரத் துண்டு பற்றிக் கேட்டீர்கள். போர்த்தி அப்படியே விட்டால் கொஞ்ச நேரத்தில் துண்டு நாயின் சூட்டுக்கே வந்துவிடும், காற்றும் உள்ளே போகாது, கடைசியில் அது ஈரக் கம்பளி. துண்டை நனைத்துத் தரையில் விரித்து அதன் மேல் படுக்க வையுங்கள், மேல்பக்கத்தைக் காற்றுக்கு விடுங்கள். பாத்ரூம் டைல்ஸ் தரையில் கதவைத் திறந்து வைத்துப் படுக்கவிட்டால் அதுவே நல்லது. குளிர்ச்சிக்கென்று விற்கிற ஜெல் மேட் (ஜெல் அடைத்த விரிப்பு) ஒன்று வாங்கலாமா என்றால், வாங்கலாம், ஆனால் கொஞ்ச நேரம் படுத்ததும் அதுவும் சூடாகிவிடும், சூடான அறையில் மறுபடி தானாகக் குளிராது. கடித்துக் கிழிக்கிற நாய் என்றால் வேண்டவே வேண்டாம்.

சென்னையில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காலை பத்து மணியிலிருந்து மேற்கிலிருந்து தரைக்காற்று அடிக்கும், அது சுடும், ஆனால் உலர்ந்தது. கடல் காற்று உள்ளே வந்ததும் வெப்பம் இறங்கும், ஈரப்பதம் ஏறும். கடல் காற்று தாமதமாகிற நாட்களில்தான் நம் ஊர் 40-ஐத் தாண்டுகிறது, 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வரை போனது. 40 டிகிரி வெப்பமும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஓர் ஈரத்துணி கிட்டத்தட்ட 24 டிகிரிவரை குளிரும். 33 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் என்றால் 29-க்குக் கீழே போகாது. ஆக, மத்தியான வறண்ட வெயிலில் ஜன்னலில் வெட்டிவேர் தட்டி, ஈரச் சாக்கு, ஏர் கூலர் எல்லாம் நன்றாகவே கேட்கும். சாயங்காலம் கடல் காற்று வந்தபிறகு அவற்றை எடுத்துவிட்டு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுவதே மேல். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே ஏர் கூலர் ஓட்டினால் அறை முழுக்க ஈரக் காற்று நிறைந்து, நாய் இரைத்தும் பயனில்லாமல் போகும். இதைப் பல வீடுகளில் செய்கிறார்கள்.

அப்புறம், மேற்கூரை. பகல் முழுக்க வாங்கிய சூட்டை கான்கிரீட் ராத்திரிதான் உள்ளே இறக்கும், உங்கள் படுக்கையறை மத்தியானத்தைவிட ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குப் புழுக்கமாக இருப்பது அதனால்தான். வெளியே குளிர்ந்துவிட்டதே என்று அந்த நேரத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். வெயில் இறங்கியதும் மாடியில் தண்ணீர் தெளித்தால் கொஞ்சம் குறையும், தண்ணீர்ப் பஞ்சம் இல்லாத வீடு என்றால். என்னைக் கேட்டால் இதையெல்லாம்விட நல்ல யோசனை, கீழ்த்தளத்தில் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் பதினொன்றிலிருந்து நாலு மணிவரை பக்கை மட்டும் அங்கே விடுவது. மூன்று மாடி இறங்கினால் கிடைக்கிற வித்தியாசம் பெரிது. தூக்கிக்கொண்டு போங்கள், படியில் நடக்கவிடாதீர்கள். காரில் ஏசி போட்டு உட்கார வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நீங்களும் கூடவே இருந்து, திறந்த வெளியில் என்றால் ஒரு மணி நேரம் சரி. மூடிய பார்க்கிங்கில் என்ஜினை ஓடவிட்டு இருக்காதீர்கள், புகை சேரும். நாயைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போவது அறவே கூடாது.

நடை, விளையாட்டு இரண்டையும் இந்த நாலு நாள் நிறுத்துங்கள். ஒன்றுக்கு, இரண்டுக்கு மட்டும் விடியுமுன், இரவு பத்துக்கு மேல். காலிங் பெல் அடித்தால் குதித்துக் குரைக்கிற நாய் என்றால் பெல்லையே நிறுத்திவையுங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை, பக்கிற்கு அந்த இரண்டு நிமிடக் குரைப்பே இரைப்பைத் தொடங்கிவைத்துவிடும். சாப்பாட்டை வெயிலுக்கு முன்பும் பின்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தயிர் சாதம் தாராளமாகக் கொடுக்கலாம், வெங்காயம் போட்டதும் தாளித்ததும் வேண்டாம்.

உங்களிடம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே மருந்துக்கடையில் ஒன்று வாங்கி, நாய்க்கென்றே தனியாக வையுங்கள். நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலம்போல நுழைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பு, நமக்குக் காய்ச்சல் என்கிற அளவு அதற்குச் சாதாரணம். ஓய்வில் படுத்திருக்கும்போதே 104 காட்டினால் நனைத்துக் காற்று விட்டுக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 105-ஐத் தாண்டினால் அவசரம். மூக்கு ஈரமாக இருக்கிறதா, காது சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் சில அடையாளங்கள் போதும்: நாக்கு அகலமாக விரிந்து வெளியே தொங்குவது, எச்சில் கெட்டியாகி நூலாக இழுப்பது, ஈறு செங்கல் சிவப்பாவது, மூச்சில் வழக்கமான குறட்டை மாறிக் கரகரவென்று இழுப்புச் சத்தம் வருவது, தள்ளாடுவது, வாந்தி, ரத்தம் கலந்த பேதி. கடைசி மூன்றில் ஒன்று வந்தாலும் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

அப்படி ஆகிவிட்டால் முதல் வேலை வண்டி பிடிப்பது இல்லை, தண்ணீர் ஊற்றுவது. பிரிட்டனில் ராயல் வெட்டர்னரி காலேஜ் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பத்தால் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்த நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றைத்தான் கொண்டுவருவதற்கு முன்பே குளிர்வித்திருந்தார்கள் என்று தெரிந்தது. நம் ஊரிலும் பதறிப்போய் அப்படியே தூக்கிக்கொண்டுதான் ஓடி வருகிறார்கள், டிராஃபிக்கில் அரைமணி நேரம் சூட்டிலேயே கிடக்கிறது நாய். உடம்பு எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் இருந்தது என்பதுதான் சேதத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே அஞ்சு பத்து நிமிடம் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேனை நேராக வைத்து, ஒருவர் வண்டியைக் கூப்பிட, ஒருவர் ஊற்றிக்கொண்டே இருங்கள். வண்டியிலும் நனைந்த நாயாகவே, ஏசி அல்லது திறந்த ஜன்னலோடு போங்கள். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தலையில் கொட்டி மூக்கில் ஏறவும் விடக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், அதற்குப் பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தால் உடம்புச் சூடு அளவுக்கு மீறி இறங்கிவிடும். எழுந்து வாலாட்டினாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். ரத்தம் உறைவதில் கோளாறு, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள், இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இது காய்ச்சல் இல்லை, வெளியே போக வழியில்லாமல் தேங்கிய சூடு, பாரசிட்டமால் இதைக் குறைக்காது. பூனைக்கு அதைச் செரிக்கும் சக்தியே கிடையாது, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். சூடு தணிய உச்சியில் விளக்கெண்ணெய் வைக்கிற பழக்கமும் சில வீடுகளில் நாய் பூனைவரை நீள்கிறது. எண்ணெய் படிந்த தோலில் தண்ணீர் ஒட்டாது, ஆவியாவதும் கெடும், நக்கினால் பேதியாகும்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. ஐஸ் தண்ணீர் ஊற்றினால் ரத்தக் குழாய் சுருங்கிச் சூடு உள்ளேயே நின்றுவிடும் என்று எங்களுக்குப் பாடமாகவே சொன்னார்கள். இப்போது அந்தக் கருத்து தளர்ந்துவிட்டது, இளமையான ஆரோக்கியமான நாய்க்குக் குளிர்ந்த நீரில் முக்குவதே வேகமான வழி என்கிறார்கள். ஆனால் வயதான நாய், இதய நோய் உள்ள நாய், மூச்சுக்கே திணறும் பக் இவற்றை முக்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு, ஊற்றிக் காற்று விடுவதையே சொல்வேன். வீட்டில் ஐஸ் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையே ஊற்றுங்கள், சூட்டோடு விடுவதைவிட அது மேல். குடிக்கும் கிண்ணத்தில் இரண்டு ஐஸ் கட்டி போடுவதால் வயிறு முறுக்கிக்கொள்ளும் என்று சுற்றும் வாட்ஸ்அப் கதைக்கு ஆதாரம் இல்லை. உப்பில்லாத நீர்மோர், இளநீர் கொஞ்சம் கொடுக்கலாம், அவசியமில்லை. சிறுநீரகம், இதயம் சம்பந்தமான பிரச்சினை இருந்தால் இளநீரைத் தவிருங்கள்.

முடி வழிப்பதிலும் எங்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. பக்கிற்குத் தேவையே இல்லை, கீழ்முடியை ஃபர் பிரஷால் வாரி எடுத்தால் போதும். பெர்ஷியனுக்குச் சடை பிடித்திருந்தால் அந்தச் சடைகளை எடுப்பது நிச்சயம் நல்லது, அதன் கீழே காற்றே போகாது. முழுசாக வழிப்பதால் எவ்வளவு பலன் என்பதில் ஆளுக்கொரு கருத்து. ஆனால் அதற்காக இந்த வெயிலில் மயக்க மருந்து கொடுத்து, கூண்டில் அடைத்து அலைக்கழிப்பதைத்தான் நான் வேண்டாம் என்பேன்.

பூனையைக் குளிப்பாட்டவும் வேண்டாம், போராட்டத்திலேயே சூடேறிவிடும். ஈரக் கையால் காது, பாதம், வயிறு என்று தடவிவிடுங்கள், மிச்சத்தை அதுவே நக்கிப் பார்த்துக்கொள்ளும். பூனை நாயைப் போல வழக்கமாக இரைக்காது, அதுதான் முக்கியம். ஓய்வில் இருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது நாய் இரைப்பது போன்ற சங்கதி இல்லை, உடனே கிளம்புங்கள். குளிர்ச்சியான இடம் தேடி வாஷிங் மெஷினுக்குள்ளும் பரணிலும் போய்ப் படுக்கும், மூடுமுன் பாருங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, ஏசி இல்லாததால் நீங்கள் திறந்து வைக்கப்போகிற ஜன்னல். கோடையில் பால்கனியிலிருந்து விழுந்த பூனைகள் எங்களிடம் வருவது இதனால்தான். கொசுவலையை ஒரு தள்ளு தள்ளினால் போதும், கழன்றுவிடும். கெட்டியான கம்பி வலை இல்லாத ஜன்னலை அரையடிக்கு மேல் திறக்காதீர்கள், அதிலும் பூனை நுழையும் என்றால் அந்த அறைக்கே விடாதீர்கள்.

நான் உங்கள் நாயைப் பார்க்கவில்லை, எடை எவ்வளவு, மூக்குத் துவாரம் எவ்வளவு குறுகியது, இதயம் எப்படி என்று தெரியாமல்தான் இவ்வளவும் சொல்கிறேன். குண்டான பக், ஏற்கனவே தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிற பக், இதயத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிற பக் என்றால் வீட்டில் நாலு நாள் சமாளிக்கும் திட்டமே வேண்டாம், ஏசி உள்ள உறவினர் வீட்டுக்கோ போர்டிங்குக்கோ அனுப்பிவிடுங்கள். எதுவாக இருந்தாலும் ராத்திரியில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று இன்றே போன் செய்து கேட்டு வையுங்கள், நாயை ஏற்றும் டாக்சி எது என்பதையும்தான். பல வண்டிகள் கடைசி நிமிடத்தில் நாய் என்றதும் போய்விடுகின்றன. ஏசி சரியானதும் பழையபடி 22-இல் வைக்காமல் 26, 27-இல் ஃபேனோடு வையுங்கள், அடுத்தமுறை நின்றால் இவ்வளவு அதிர்ச்சி இருக்காது.

பட்ஜி கூண்டை வெயில் படாத, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள், ஃபேன் நேராகப் படக் கூடாது. குளிக்க ஒரு தட்டில் ஆழமில்லாமல் தண்ணீர், மத்தியானம் ஸ்பிரே பாட்டிலால் லேசான தூவல். சிறகை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து அலகைத் திறந்து வைத்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம், அப்போது இன்னும் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றித் தூவுங்கள்.

மீன் தொட்டிக்கு: தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் என்றால் 35-இல் 7-க்கு அருகே வந்துவிடும், மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் அதிகம் தேவை. தொட்டி விளக்கை அணையுங்கள், மூடியைத் திறந்து வலை போடுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். கரண்ட் போனால் மோட்டாரும் நிற்கும், பேட்டரி ஏர் பம்ப் இல்லையென்றால் குவளையில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். ஐஸை நேராகப் போடாதீர்கள், பாலித்தீன் பையில் கட்டி மிதக்கவிட்டு, மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.